துப்பாக்கியைக் கீழே வைத்த இரண்டாம் பாகம்: ஆக்சியம் வெர்ஜ் 2

2015இல் வெளிவந்த ஆக்சியம் வெர்ஜ், நிரல், ஓவியம், இசை ஆகிய மூன்றையும் தாமஸ் ஹாப் என்ற ஒரே மனிதர் உருவாக்கிய வீடியோ விளையாட்டு. 1986இல் நின்டென்டோ வெளியிட்ட மெட்ராய்டு என்ற விளையாட்டின் வழியில், இருண்ட குகைகளுக்குள் விதவிதமான துப்பாக்கிகளோடு அலையவிட்ட அதை ரசித்தவர்கள், 2021 ஆகஸ்டில் வந்த இரண்டாம் பாகத்தின் தொடக்கத்திலேயே திகைத்திருப்பார்கள். இதில் துப்பாக்கி கிடையாது. பனிக் கோடரியும் பூமராங்கும்தான் முதலில் கைக்கு வருகின்றன.

நாம் இயக்கும் நாயகி, குளோப் 3 என்ற பெருநிறுவனத்தின் தலைவியான இந்திரா சௌத்ரி, காணாமற்போன மகளைத் தேடி அண்டார்டிகாவுக்குச் சென்று, அங்கிருந்து கியெங்கிர் என்னும் வேற்றுலகில் போய் விழுகிறார். சுமேரியர்கள் தம் நாட்டுக்கு வைத்திருந்த பெயர் அது. நீரில் மூழ்கி உயிரிழக்கும் அவருடைய உடலை நுண் இயந்திரங்கள் மீட்டெடுக்கின்றன. பிறகு அவர் பெறும் ஆற்றல்கள் பலவும் அந்த இயந்திரங்களின் கொடையே.

இந்த விளையாட்டின் உயிர் ‘பிரீச்’ என்ற மறு உலகில் இருக்கிறது. பனிமலை, ஆறு, இடிபாடுகள் என வெளியுலகம் செறிவான பிக்சல் ஓவியமாக விரிய, சிறு ட்ரோன் ஒன்றைச் செலுத்தி நாம் நுழையும் பிரீச்சோ 1980களின் 8 பிட் விளையாட்டுத் திரையைப் போலக் கரடுமுரடாகக் காட்சியளிக்கிறது. வெளியுலகில் தாண்ட முடியாத சுவர் ஒன்று வழியை மறித்தால், பிரீச்சுக்குள் இறங்கி, அங்கே சிறிது தூரம் கடந்து, சுவரின் மறுபுறம் வெளியேறலாம். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இவ்விரு வரைபடங்களையும் மனத்துக்குள் பொருத்திப் பார்த்து வழி கண்டுபிடிக்கும் கணம் தரும் மகிழ்ச்சியை, முதல் பாகத்தின் எந்த ஆயுதமும் எனக்குத் தந்ததில்லை. பழமையை வெறும் அலங்காரமாகப் பூசாமல், புதிரின் பகுதியாகவே ஆக்கிய இடம் இது. கொக்கியை வீசித் தொங்கி, உந்திப் பறக்க ட்ரோன் கற்றுக்கொண்ட பிறகு நடப்பதற்கே மனம் வருவதில்லை.

சண்டைதான் சோர்வூட்டுகிறது. கோடரியின் வீச்சு மிகக் குறுகியது என்பதால் எதிரியை ஒட்டி நின்று அடிக்க வேண்டியிருக்கிறது. அதைவிட அவர்களைத் தாண்டி ஓடிவிடுவது எளிது. பெரிய எதிரிகளில் பெரும்பாலோரைக் கொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை. ஓர் இராட்சத இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டு ஓடிய பிறகே, முறையாக மோத வேண்டிய எதிரி அதுதான் என்பது எனக்கு உறைத்தது. இந்தச் சுதந்திரம் பாராட்டத்தக்கதே என்றாலும், அதன் விலையாகப் பதற்றம் முழுவதும் வடிந்துவிடுகிறது. இயந்திரங்களின் நிரலுக்குள் ஊடுருவி, அவற்றின் வேகத்தைக் குறைக்கவோ அவற்றை நம் பக்கம் திருப்பவோ வழி செய்திருப்பது ஓரளவு ஆறுதல்.

பெண் குரல் இழையும் இசை, முதல் பாகத்தின் உலோக ஒலியிலிருந்து வெகுதூரம் விலகி வந்திருக்கிறது. கதை தனித்து நிற்பதால் முந்தையதை ஆடாதவர்களும் இதிலிருந்தே தொடங்கலாம். ஆனால் வழியில் கிடைக்கும் குறிப்புகளைப் பொறுமையாக வாசிக்காதவர்களுக்கு, யார் எதற்காகப் போரிடுகிறார்கள் என்பது இறுதிவரை மங்கலாகவே இருக்கும்.