தோட்டத்து மரணாதார சங்கம்: மாதச் சந்தாவுக்கு என்னதான் கிடைக்கிறது?

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களின் பெரும்பாலான டிவிசன்களில் ஒரு மரணாதார சங்கம் இருக்கும். மாதம் ஒரு சந்தா. கேதம் (சாவு) விழுந்தால் ஒரு தொகை, கூடவே கதிரை, கொட்டகை, கேத்தல். இதை ஒரு சேவையாக எடுத்து, காசுக்குச் சாவுச் சடங்கு நடத்தித்தரும் டவுன் மலர்ச்சாலைக்குப் பக்கத்தில் வைத்து எடைபோட்டுப் பார்க்கலாம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: காசுக் கணக்கில் இது சுமார்தான். ஆள் கணக்கில் இதற்கு ஈடானதை எந்த டவுனிலும் விலைக்கு வாங்க முடியாது. ஆனால் காசை ஒழுங்காக வைத்துக்கொண்டு ஆளைத் தொலைத்துவிட்ட சங்கங்களும் நிறைய இருக்கின்றன. சேருமுன் அதைத்தான் பார்க்க வேண்டும்.

காசிலிருந்து தொடங்குவோம். மாதிரிக்கு ஒரு சங்கம்: 120 குடும்பம், மாதச் சந்தா 200 ரூபாய், ஒரு மரணத்துக்கு 40,000 ரூபாய். 2024 இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் அடிப்படை நாள் சம்பளத்தில் இந்தத் தொகை ஏறக்குறைய 30 நாள் வேலைக்குச் சமம். ஆண்டு வரவு 288,000; ஏழு மரணம் வரை தாங்கும். 120 குடும்பத்தில் 540 பேர் அளவில் இருப்பார்கள். நாட்டின் இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 6, 8 என்ற அளவில் இருப்பதால் ஆண்டுக்கு நாலு மரணம் என்று வைக்கலாம். மிச்சம் நிற்கிறது. அந்த மிச்சம்தான் வினை. பொதுக்கூட்டத்தில் யாராவது எழும்பி, வேறு தோட்டத்தில் இருக்கிற அப்பா அம்மா, மாமா மாமி எல்லாரையும் சேர்ப்போம் என்பார், கைதட்டி நிறைவேற்றுவார்கள். எழுபதைத் தொட்ட 150 பெற்றோர் ஒரேயடியாகச் சேர்ந்தால் ஆண்டுக்கு இன்னும் ஆறேழு மரணம் கூடும். வரவை மீறி 440,000 வரை செலவு போகும், இரண்டாம் ஆண்டில் பெட்டி காலி. அவர்களைச் சேர்க்கக்கூடாது என்பதல்ல. டிவிசனுக்கு வெளியே விழும் கேதத்துக்குத் தொகையை மூன்றில் ஒன்றாக வையுங்கள். போகும் ஆள்களில் மட்டும் குறை வைக்காதீர்கள். அப்போது இதே சந்தாவில் கணக்கு நேராகிவிடும்.

வங்கிக் கணக்கு மூவர் பெயரில், இருவர் கையொப்பத்தில் எடுக்கும்படி இருக்கட்டும். சாவு சனி, ஞாயிறு, போயா பார்த்து வருவதில்லை என்பதால், ஒரு மரணத் தொகையில் பாதியாவது பொருளாளரிடம் கையிருப்பாக இருக்க வேண்டும். அதை மாதக் கூட்டத்தில் எண்ணிக் காட்டுகிறார்களா என்று பாருங்கள். காட்டாத சங்கத்தில் ஒருநாள் வம்பு வரும்.

சாமான் விஷயத்தில் பெரும்பாலான சங்கங்கள் நல்ல மதிப்பெண் வாங்கும். கதிரைக்கு எண் போட்டிருப்பார்கள், படங்கு (தார்ப்பாய்) மடித்து வைத்திருப்பார்கள். கவனிக்க வேண்டியது பொறுப்பாக நிற்கிறவர்களின் கைப்பழக்கத்தை. உதாரணத்துக்குப் பிளேன்டீ. நூறு பேருக்கு 250 கிராம் தூள், ஒன்றரைக் கிலோ சீனி, 15 லீட்டர் தண்ணீர், ஒரு கைப்பிடி இஞ்சி போதும். தூளை அண்டாவிலேயே கிடக்க விட்டால் அரை மணியில் கசந்துவிடும். ராத்திரி முழுக்க அதையே சூடாக்கிக் கொடுப்பார்கள். மூன்று லீட்டரில் சாயத்தைத் தனியாக இறக்கி, ஐந்து நிமிடத்தில் வடித்து, பிறகு சுடுதண்ணீர் கலந்தால் கடைசிக் கோப்பை வரை குடிக்கலாம். கொழுந்து பறித்தே காலம் தள்ளிய வீட்டில் கசந்த தேத்தண்ணி கொடுப்பதைப் போல அவமரியாதை வேறில்லை.

குழி வெட்டுவதும் அப்படித்தான். இரண்டு அலவாங்கு, மூன்று மம்பட்டி, ஒரு வாளி, ஆறு பேர். இருவர் இருவராக மாறி வெட்டினால் மூன்று நாலு மணிநேர வேலை. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை மேற்குச் சரிவில் மழை நிற்காத காலம். அப்போது முதல்நாள் மாலையே வெட்டி வைத்தால் விடியும்போது தண்ணீர் நிற்கும், பக்கச் சுவர் சரிந்திருக்கும். அடக்கத்தன்று காலையில் வெட்டி, மேட்டுப் பக்கம் தண்ணீர் ஓட ஒரு சின்னக் கான் எடுத்து, மேலே படங்கு கட்ட வேண்டும். இது தெரிந்தவர்கள் டிவிசனில் இரண்டு பேர் மட்டும் என்றால், அந்தச் சங்கம் பலவீனமான சங்கம்.

இனி முக்கியமான இடம்: முறைப் பட்டியல். நல்ல சங்கம் டிவிசனைப் பத்துப் பத்து வீடாகப் பிரித்திருக்கும். ஒரு கேதத்துக்கு ஒரு பத்து வீடு தேத்தண்ணி, இன்னொன்று சமையல், மற்றொன்று கொட்டகையும் ராத்திரிக் காவலும். அடுத்த கேதத்தில் முறை மாறும். சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்பதால் சமையல் முறை மூன்று நாளுக்காவது ஓட வேண்டும். வராதவருக்கு என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். தண்டம் 500 ரூபாய் என்ற பதில் வந்தால் யோசியுங்கள். கொழும்பில் கடை வேலை செய்கிறவர் 500 ரூபாயை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவார். அவருக்கு அது கட்டணம் ஆகிவிட்டது. இப்படி முப்பது வீடு கட்டணம் கட்டத் தொடங்கினால் குழி வெட்டக் கூலிக்கு ஆள் பிடிக்க வேண்டிவரும். தண்டத்துக்குப் பதிலாகப் பதிலாள் முறை வைத்த சங்கங்கள் நிலைக்கின்றன: தம்பியை அனுப்பு, மச்சானை அனுப்பு, இல்லையென்றால் அடுத்த கேதத்தில் இரண்டு முறை செய்.

ஆள் வருவதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம்? 2010 இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற அமெரிக்க உளவியலாளரும் சகாக்களும் 148 ஆய்வுகளை, மொத்தம் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தரவுகளை, ஒன்றாக்கிப் பார்த்தார்கள். சமூக உறவு வலுவாக உள்ளவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகம் என்று வந்தது. மலையகத்துக்கு அதைவிட முக்கியமான விஷயம் உள்ளே இருக்கிறது. தனியாக வசிக்கிறாரா, கூட யாரும் இருக்கிறார்களா என்று மட்டும் பார்த்த ஆய்வுகளில் வித்தியாசம் 19 சதவீதம்தான். பலவகை உறவுகளிலும் பொறுப்புகளிலும் ஒருவர் எவ்வளவு கலந்திருக்கிறார் என்று பார்த்த ஆய்வுகளில் 91 சதவீதம். ஒரு லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) பத்துக் காம்பரா சுவரோடு சுவர் ஒட்டியிருப்பது இதில் முதல் வகை. தேத்தண்ணிக்கு நீ, கணக்குக்கு நான், ராத்திரிக் காவலுக்கு அவர் என்பது இரண்டாவது. சுவர் ஒட்டியிருந்தும் நாளெல்லாம் ஒரு வார்த்தை பேச ஆளில்லாத முதியவர்கள் எந்த லயத்திலும் உண்டு. உடம்பு முடியாத பெரியவருக்குச் சந்தாவை மன்னிப்பதைவிட, வந்தவர் பெயரெழுதும் கொப்பியை அவர் கையில் கொடுப்பது மேல்.

அதனால்தான் சந்தாவை எப்படிச் சேர்க்கிறார்கள் என்பதும் வெறும் நிர்வாக விஷயம் இல்லை. சம்பளத்தில் பிடித்துக்கொள்வது சுலபம், பாக்கி விழாது. ஆனால் செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவில்) பெயர் இல்லாதவர்கள், அதாவது வெளி வேலைக்குப் போகிறவர்களும் ஓய்வுபெற்றவர்களும், அதோடு வெளியே போய்விடுவார்கள். ஒருவர் வீடு வீடாகப் போய் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்து 200 ரூபாய் வாங்கும் சங்கத்தில், மாதத்துக்கு ஒருமுறை எல்லா வீட்டுப் படியிலும் ஒரு கால் படுகிறது. யார் படுத்த படுக்கை, யார் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை, மத்திய கிழக்குக்குப் போன அம்மாவின் பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் முதலில் தெரிவது அவருக்குத்தான். இந்தச் சேவையின் விளம்பரப்படுத்தாத சிறந்த பகுதி இது. அந்த ஆளுக்குப் போக்குவரத்துக் காசு கொடுத்தாவது வைத்துக்கொள்ள வேண்டும்.

பாக்கி விதியையும் வாசியுங்கள். மூன்று மாதம் கட்டாவிட்டால் பெயர் வெட்டு என்பது பல இடங்களில் உள்ள விதி. பாக்கி வைக்கிறவர் ஊரிலேயே கஷ்டப்பட்டவர். பெயர் வெட்டுப்பட்டதும் அவர் வெட்கத்தில் மற்றவர் கேதத்துக்கும் போவதை நிறுத்துவார். இரண்டு கேதத்துக்கு வராதவர் வீட்டுக்கு மூன்றாவதற்கு யாரும் போகமாட்டார்கள். பெயரை வெட்டாமல், பாக்கியைக் கொடுக்கும் தொகையில் கழித்துக்கொள்கிற சங்கத்துக்குச் சந்தா 50 ரூபாய் கூடவாக இருந்தாலும் அதிலேயே சேருங்கள்.

சொல்லக் கூச்சப்படும் குறை ஒன்று. கடைசி ஐந்து கேதத்தின் முறைப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். குழி வெட்டியதும் தப்பு (பறை) அடித்ததும் ஒரே நாலு வீட்டு ஆள்கள், பந்தி பரிமாறியது வேறு வீட்டு ஆள்கள் என்று இருந்தால், சாதி அங்கே சங்கத்தின் பெயரில் நடக்கிறது. அந்த நாலு வீட்டுக்கும் அது சொந்தம் தரும் இடமாக இருக்காது. முறையைச் சீட்டுக் குலுக்கிப் போட்டாலே பாதிக் குறை தீரும். எதிர்ப்பு வரும், வரட்டும்.

சேவை எங்கே முடிகிறது என்பதில்தான் எல்லாச் சங்கமும் தோற்கிறது. எட்டு வரை கூட்டம், பதினாறு வரை நடமாட்டம், கருமாதி முடிந்ததும் கதிரை எண்ணி ஏற்றிவிடுவார்கள். துணையை இழந்தவருக்குத் தனிமை உறைக்கத் தொடங்குவது அதற்குப் பிறகு. மகன் கொழும்புக்குத் திரும்பியிருப்பான், மகள் புருஷன் வீட்டுக்குப் போயிருப்பாள். இதற்குச் செலவில்லாத ஒரு திருத்தம் உண்டு: தொகையை இரண்டாகப் பிரியுங்கள். 30,000 அன்றே. மீதி 10,000 ஐ முப்பத்தோராம் நாள் இருவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். காசு கொடுக்கப் போவதால் போகிறவருக்கும் கூச்சமில்லை, வாங்குகிறவருக்கும் இல்லை. போனால் உட்கார்ந்து பேசுங்கள். பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க) போகிறாரா, சோறு ஆக்குகிறாரா, குடி கூடியிருக்கிறதா என்று பாருங்கள். சாவைப் பற்றியே பேசினால் தனியே விடாதீர்கள். மரக்கறித் தோட்ட வீடென்றால் பூச்சிமருந்துப் போத்தலைப் பக்கத்து வீட்டுக்கு மாற்றுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணை 24 மணிநேரமும் அழைக்கலாம்.

மலர்ச்சாலை தேவைப்படும் இடமும் உண்டு. வெளிநாட்டிலிருந்து பிள்ளை வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகுமென்றால் உடலைப் பதப்படுத்தியே ஆகவேண்டும். அதைச் சங்கம் செய்ய முடியாது. நல்ல பெட்டி, வண்டி, மலர் அலங்காரம் எல்லாம் தருவார்கள். வண்டி மேல் டிவிசன் வரை ஏறுமா என்பதை மட்டும் முதலே கேட்டுக்கொள்ளுங்கள். ஏறாத பாதையில் கடைசி ஒரு மைல் தோளில்தான்.

காகித வேலையில் சங்கங்கள் இன்னும் கெட்டிக்காரத்தனம் காட்டலாம். வீட்டில் நடந்த மரணம் என்றால் கிராம உத்தியோகத்தரின் அறிக்கை வேண்டும்; திடீர் மரணம் என்றால் மரண விசாரணை அதிகாரி வரும்வரை உடலை அசைக்கக்கூடாது. அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர் என்று இருப்பது தோட்டத்தில் சாதாரணம். மரணச் சான்றிதழில் மூன்றாவதாக ஒன்று விழுந்துவிட்டால் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கக் குடும்பம் மாதக்கணக்கில் அலையும். அங்கத்துவப் படிவத்திலேயே அடையாள அட்டைப் பிரதியை வாங்கி வைத்திருக்கும் செயலாளர் தங்கமான ஆள்.

7 பேர்ச் காணியில் தனிவீட்டுத் திட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு: லயத்தில் ஒப்பாரி சுவர் தாண்டிக் கேட்கும், தனிவீட்டில் கேட்காது. வட்சப் குழுவை மட்டும் நம்பாமல், பத்து வீட்டுக்கு ஒருவர் கதவைத் தட்டிச் சொல்லும் ஏற்பாடு வேண்டும். புதுத் திட்டத்துச் சங்கத்தில் சேர்ந்தாலும் முதல் ஆறு மாதத்துக்குத் தொகை கிடைக்காத விதி இருக்கலாம். அந்தக் காலம் முடியும்வரை பழைய டிவிசன் சந்தாவை நிறுத்தாதீர்கள்.