லில்லியா, ரோஜாவா: பூனை வளரும் வீட்டின் பூச்சாடிக்கு எது?

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிரில் லில்லியும் ரோஜாவும் சாடியில் பல நாட்கள் வாடாமல் நிற்கும். அழகையும் வாசனையையும் மட்டும் பார்ப்பவர் லில்லியையே வாங்குவார். வீட்டில் பூனை இருந்தால் அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. லில்லியின் இதழ், இலை, தண்டு, மகரந்தம் மட்டுமன்றி, அது நின்ற சாடித் தண்ணீரும் பூனையின் சிறுநீரகத்தைச் சிதைக்கக்கூடும். பூவைக் கடிக்காமல் உரசிச் சென்ற பூனைகூட, உரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கும்போது நஞ்சை விழுங்கிவிடுகிறது. முதலில் வாந்தியும் சோர்வும் தோன்றும். பின்னர் சற்றுத் தேறியதுபோலத் தெரிந்தாலும், 1 முதல் 3 நாட்களுக்குள் சிறுநீரகம் செயலிழக்கலாம். 18 மணித்தியாலத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்றாலும், தோட்டத்து லயத்திலிருந்து மிருக வைத்தியரைத் தேடி நகரத்துக்கு இறங்குவதற்கே அரை நாள் போய்விடும் என்பது நாமறிந்ததே. மகரந்தப் பைகளைக் கிள்ளிவிட்டால் போதும் என்ற யோசனையை நான் ஏற்பதில்லை. இதழும் இலையும் அப்படியேதான் இருக்கின்றன.

ரோஜாவில் இத்தகைய நஞ்சு இல்லை. முட்களை நீக்கி, மருந்து தெளிக்காத பூவாகத் தேர்ந்தால், பூனை இதழை மென்றாலும் பெரும்பாலும் சிறு வயிற்றுக் கோளாறோடு முடிந்துவிடும்.

ஓடையோரங்களில் வெள்ளைப் புனல்போல் மலரும் ஏரம் லில்லி, பெயரில் தவிர, லில்லி இனமன்று. அது சிறுநீரகத்தைத் தாக்காவிடினும், அதிலுள்ள ஊசி போன்ற ஒக்சலேற்றுப் படிகங்கள் வாயை எரித்து உமிழ்நீர் வடியச் செய்யும் என்பதால், ரோஜாவுக்கு மாற்றாக அதையும் கொள்ள முடியாது.