‘முழுக்க மூலிகை’ என்று நம்பிப் பூசிய எண்ணெய்: எக்ஸிமா உள்ளவர்கள் தயவுசெய்து படியுங்கள்

எட்டு வயதிலிருந்து எனக்கு எக்ஸிமா இருக்கிறது. கரப்பான் என்று சொல்வார்களே, அதுதான். முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து, சில சமயம் கண் இமை. இதோடு வாழ்பவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. தூக்கத்திலேயே சொறிந்துவிட்டு, காலையில் தலையணை உறையில் ரத்தப் புள்ளிகளையும் உதிர்ந்த செதில்களையும் பார்த்துக்கொண்டு எழுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த நிலையில் யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிப் பூசத்தான் தோன்றும். நானும் வாங்கிப் பூசினேன்.

தெரிந்தவர் ஒருவர் மூலமாகத்தான் அந்த எண்ணெய் விற்பவர் அறிமுகமானார். அவர் யார், எந்தப் பெயரில் விற்கிறார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் போகட்டும். நான் எழுத நினைப்பது அவர் பயன்படுத்திய முறையைப் பற்றி. அதே முறையில் விற்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.

முதல் நாளே கேட்டேன், "இதில் என்னென்ன இருக்கிறது?" என்று. "தேங்காய் எண்ணெயில் காய்ச்சிய 12 மூலிகைகள் சிஸ்டர். பேரெல்லாம் சொல்ல முடியாது, எங்கள் பரம்பரை ரகசியம். ஆனால் ஸ்டீராய்டு ஒரு துளி கூடக் கிடையாது, அதற்கு நான் கேரண்டி" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விழுந்தேன். ஸ்டீராய்டு என்பது தோலின் வீக்கத்தையும் அரிப்பையும் அடக்கும் மருந்து வகை, அந்தப் பேரைக் கேட்டாலே எனக்குப் பயம். அதற்கு இரண்டு மாதம் முன்பு தோல் மருத்துவர் ஒருவர் 1% ஹைட்ரோகார்டிசோன் களிம்பு எழுதிக் கொடுத்திருந்தார். இருக்கிற ஸ்டீராய்டு களிம்புகளிலேயே மிக மென்மையான வகை அது. பயந்துபோய் அதைத் திறக்கவே இல்லை. டியூப் அப்படியே அலமாரியில் கிடந்தது. அந்தப் பயத்தை இவர் என் பேச்சிலேயே கண்டுபிடித்துவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

பழுப்புக் கண்ணாடி பாட்டில். லேபிளில் ஓர் இலைப் படமும் ‘இயற்கை’ என்ற வார்த்தையும் பெரிதாக இருந்தன. தயாரித்த தேதி இல்லை, பேட்ச் எண் இல்லை, உட்பொருள் பட்டியல் இல்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அடியில் மாவு போல மெல்லிய வெள்ளை வண்டல். கேட்டதற்கு, "அதுதான் மூலிகைச் சத்து, நன்றாகக் குலுக்கிப் பூசுங்கள்" என்றார். நானும் ஒவ்வொரு தடவையும் அந்த வெள்ளை முழுதாகக் கலக்கும்வரை அக்கறையாகக் குலுக்கினேன்.

மூன்றாம் நாள் இரவு விழிக்காமல் தூங்கினேன். ஒரு வாரத்தில் முழங்கை மடிப்பில் சிவப்பு போய்விட்டது. கண்ணாடி முன்னால் நின்று கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதது நினைவிருக்கிறது. என்னைப் போலவே அவதிப்படும் இரண்டு பேருக்கு நானே சிபாரிசு செய்தேன். அந்த இரண்டு பேரிடமும் பிறகு மன்னிப்புக் கேட்டேன், அது தனிக் கதை.

அந்த வேகத்தைப் பார்த்துத்தான் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எண்ணெய் தோலில் செய்யும் வேலை என்ன என்று கொஞ்சம் யோசித்திருந்தாலே போதும். எக்ஸிமாவில் தோலின் மேலடுக்கு ஓட்டைச் சுவர் மாதிரி ஆகிவிடுகிறது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறுகிறது, வெளியே இருக்கும் எரிச்சலூட்டும் பொருள்கள் உள்ளே நுழைகின்றன. எண்ணெய் அந்த ஓட்டைகளின் மேல் ஒரு மூடி போடுகிறது. அதனால்தான் குளித்து ஒற்றித் துடைத்த ஈரத்தோடே பூசினால் பலன் தெரிகிறது, காய்ந்த தோலில் பூசினால் அவ்வளவாகத் தெரிவதில்லை. இது நல்ல வேலைதான், நான் குறைத்துச் சொல்லவில்லை. எக்ஸிமா உள்ள 117 குழந்தைகளை வைத்து 8 வாரம் நடந்த ஆய்வு ஒன்று 2014-ல் வெளியானது. பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயிலை விட வெர்ஜின் தேங்காய் எண்ணெய் அதிகப் பலன் தந்தது என்றுதான் அதில் வந்தது. ஆனால் அந்தப் பலன் வாரக் கணக்கில் மெதுவாக வந்தது. சிவந்து கொதிக்கும் வீக்கத்தை மூன்றே நாளில் அணைக்கும் வேலையை வெறும் எண்ணெய் செய்யாது.

சரி, என் கதைக்கு வருகிறேன். நாலாவது மாதம் புது பாட்டில் வர பத்து நாள் தாமதமாயிற்று. பழைய பாட்டில் தீர்ந்த நாலாம் நாள் கழுத்து சிவந்தது. ஆறாம் நாள், அதுவரை எக்ஸிமாவே வராத நெற்றியும் கன்னமும் வெயிலில் வெந்தது மாதிரி எரிந்தன. அரிப்பு கூட அவ்வளவு இல்லை, எரிச்சல்தான். தண்ணீர் பட்டாலே எரிந்தது. விற்றவரைக் கூப்பிட்டேன். "பயப்படாதீர்கள் சிஸ்டர், இத்தனை வருஷம் உள்ளே தேங்கின நஞ்சு வெளியே வருகிறது. இது நல்ல அறிகுறி" என்றார். பாட்டில் வந்தது, பூசினேன், இரண்டே நாளில் அடங்கியது. எனக்கு அது அந்த எண்ணெயின் அருமைக்குச் சாட்சி போலத் தெரிந்தது. அது இல்லாமல் என் தோல் இருக்க முடியாமல் போய்விட்டது என்பது அப்போது புரியவில்லை.

அதன் பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. முழங்கை மடிப்புத் தோல் மெலிந்து பளபளவென்று ஆகி, கீழே ஓடும் நீல நரம்புகள் வெளியே தெரிந்தன. மேல்கையின் உட்பக்கம் ஊதா நிறக் கோடுகள். வாயைச் சுற்றிக் கடுகளவு பருக்கள். இவற்றையும் சொன்னேன். "தணிப்பதற்கு" என்று இன்னொரு எண்ணெய் அனுப்பினார். மூடியைத் திறந்ததுமே டீ ட்ரீ எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது. வெடித்திருந்த தோலில் அதைப் பூசினேன். மூன்றாம் நாள் பூசிய இடமெல்லாம் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள். டீ ட்ரீ, லாவெண்டர் போன்ற வாசனை எண்ணெய்கள் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழசானால் அவற்றில் ஒவ்வாமை தரும் பொருள்கள் உருவாகின்றன என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். இந்த வகை ஒவ்வாமை பூசிய உடனே தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கிளம்பும்.

கடைசியில் அதே தோல் மருத்துவரிடம் போய் நின்றேன். திட்டுவார் என்று பயந்தேன், திட்டவில்லை. கையைப் பார்த்தார், வாயைச் சுற்றிப் பார்த்தார். "என்ன களிம்பு பூசுகிறீர்கள்?" என்றார். "எதுவும் இல்லை டாக்டர், மூலிகை எண்ணெய் மட்டும்தான்" என்றேன். பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னார். தீர்ந்த பாட்டில்களை எல்லாம் தூக்கிப் போட்டிருந்தேன். நல்ல வேளையாகக் கடைசிப் பாட்டிலில் விரற்கடை அளவு மிச்சம் இருந்தது. அதை அவரே பரிசோதனைக்கு அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது: குளோபெட்டசால் புரோப்பியோனேட். ஸ்டீராய்டு களிம்புகளிலேயே மிகவும் வீரியமான வரிசையைச் சேர்ந்தது. 0.05% களிம்பையே தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் பூசக் கூடாது, முகத்திலும் தோல் மடிப்புகளிலும் பூசக் கூடாது என்பதுதான் அதற்கான பொதுவான விதி. நான் ஐந்து மாதம், தினமும் இரண்டு வேளை, கண் இமை உட்பட, அளவே தெரியாமல் பூசியிருக்கிறேன். மென்மையான மருந்துக்குப் பயந்து அதை அலமாரியில் பூட்டி வைத்தவளுக்கு, வீரியமானதை ஏமாற்றிப் பூச வைத்திருக்கிறார்கள். இதை எழுதும்போது கூடக் கை நடுங்குகிறது.

காலை நேர ரத்தத்தில் கார்டிசால் அளவு பார்த்தார்கள். உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டு அது. தோல் வழியாக ஸ்டீராய்டு அதிகம் உள்ளே போனால் உடம்பு தானே சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் விட்டுவிடும் என்றார் மருத்துவர். இமையில் பூசியதால் கண் அழுத்தமும் பார்த்தார்கள். இரண்டும் தப்பின. தோல் தப்பவில்லை. பழையபடி திரும்ப ஏழு மாதம் ஆயிற்று. ஊதாக் கோடுகள் வெளுத்திருக்கின்றன, போகவில்லை.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. 1999-ல் பிரிட்டனில் தோல் நோய்க்கு விற்ற 11 மூலிகைக் களிம்புகளைச் சோதித்ததில் 8-ல் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது. 2003-ல் பர்மிங்ஹாமில் எக்ஸிமாவுக்கு நோயாளிகள் பூசிக்கொண்டிருந்த 24 மூலிகைக் களிம்புகளைச் சோதித்தார்கள், 20-ல் ஸ்டீராய்டு இருந்தது. அவற்றைப் பூசியவர்களில் பலர் குழந்தைகள்.

என்னைத் தவறாகப் புரிந்துகொள்ளாதீர்கள். ஸ்டீராய்டைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. இப்போது நோய் கிளம்பும்போது அதே 1% களிம்பை மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை பூசுகிறேன். அது என் வேலையைக் கெடுக்காமல் முடிந்துவிடுகிறது. குற்றம் மறைத்ததில் இருக்கிறது. மருந்து என்று தெரிந்தால் அளவு கேட்டிருப்பேன், நாள் கேட்டிருப்பேன், இமையில் வைத்திருக்க மாட்டேன்.

எண்ணெயையும் விடவில்லை. வாசனை சேர்க்காத, ஒரே பொருள் மட்டும் உள்ள சூரியகாந்தி எண்ணெய் எனக்கு ஒத்துக்கொள்கிறது. ஆலிவ் எண்ணெயை மட்டும் ஒதுக்கிவிட்டேன். அதிலுள்ள ஒலீக் அமிலம் தோலின் மேலடுக்கைத் தளர்த்துகிறது என்று 2013-ல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. எக்ஸிமா உள்ளவர்களின் தோல் ஏற்கெனவே தளர்ந்துதான் இருக்கிறது. புது எண்ணெய் எதுவானாலும் முன்கையின் உட்பக்கம் நாணய அளவு இடத்தில் ஒரு வாரம் தினமும் இரண்டு தடவை பூசிப் பார்த்துவிட்டுத்தான் மற்ற இடத்துக்குப் போகிறேன். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். ஒவ்வாமையைத்தான் இந்தச் சோதனை காட்டும். ஸ்டீராய்டு கலந்த எண்ணெய் இதில் அழகாகத் தேறிவிடும், ஒவ்வாமையையே அடக்கிவிடும் மருந்து அது.

முடிவு வந்த அன்று விற்றவருக்கு அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பினேன். "எங்கள் எண்ணெயில் அப்படி எதுவும் இல்லை, நீங்கள் வேறு ஏதோ பூசியிருப்பீர்கள்" என்று ஒரு வரி வந்தது. அதோடு என் போன் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

உங்களிடம் இப்படி ஒரு பாட்டில் இருந்தால், பூசினால் உடனே அடங்கி, நிறுத்தினால் முன்பை விட மோசமாகக் கிளம்பினால், பயத்தில் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். அடுத்த நாளே தோல் மருத்துவரிடம் போங்கள். எத்தனை மாதம், எந்தெந்த இடம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். படிப்படியாகக் குறைக்க வேண்டுமா என்று அவர் சொல்வார். பாட்டிலைக் கழுவாதீர்கள், தூக்கியும் போடாதீர்கள். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் மூடியோடு அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள்.