அஞ்சு கிலோ முயலும் ஒரு பவானி ஜமுக்காளமும்

"வொயிட் ஜெயன்ட் முயல் குட்டி ஒண்ணு வருது, எடுக்கட்டுமாடா?" என்று நேற்று நண்பன் கேட்டான். வாட்ஸப்பில் ஒரு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமா இது!

எங்கள் பஞ்சுவும் அதே இனம்தான். இப்போது ஆறு வயது, ஐந்து கிலோ. கட்டில்மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தவன், இரண்டு வருடம் முன்பு மூத்திரம் போக வைத்திருக்கும் லிட்டர் ட்ரேயின் நாலு அங்குல விளிம்பைத் தாண்டாமல் வெளியிலேயே மூத்திரம் போனான். சேட்டை என்று திட்டினேன். பிறகு பின்பக்க ரோமத்தில் மெத்தென்ற புழுக்கை ஒட்டிக் கிடந்தது. வழக்கமாக முயல் அதைக் குனிந்து நேராக வாயில் வாங்கித் தின்னும். முதுகு வளைந்தால்தானே! எக்ஸ்ரேயில் இடுப்பும் முழங்காலும் தேய்ந்திருந்தன. (அதற்கு வெறும் வயிற்றோடு கொண்டுவரச் சொன்னது ஒரு கிளினிக். முயலைப் பட்டினி போடவே கூடாது, குடல் நின்றுவிடும். வேறு டாக்டரிடம் போனோம்.)

மருந்து மெலாக்சிகாம், வலி குறைக்க. நாய்க்கான அளவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கிலோவுக்கு முயலுக்குக் கூடுதலாகவே தேவைப்படும், டாக்டர்தான் சொல்ல வேண்டும். தித்திப்பு மருந்து என்பதால் சிரிஞ்சைக் கண்டாலே நொண்டிக்கொண்டு ஓடிவருகிறான்.

ஆனால் தீராத எரிச்சல் டைல்ஸ். முயல் பாதத்தில் நாய், பூனைக்கு இருப்பதுபோல் மெத்தை கிடையாது, வெறும் ரோமம். பின்கால் இரண்டும் சறுக்கி அகலும். ஃபோம் மேட் போட்டேன், கடித்துத் தின்ன ஆரம்பித்தான். தென்னைநார் விரிப்பில் குதிகால் ரோமம் உதிர்ந்து சிவந்தது. கடைசியில் பரணில் கிடந்த பவானி ஜமுக்காளம். முரட்டு நூலில் நகம் நன்றாகப் பிடிக்கிறது. மூன்றாம் நாள் கூடத்தைக் கடந்து சமையற்கட்டுக்கு வந்து கொத்தமல்லித் தண்டு கேட்டான். "என் கல்யாணத்துக்கு வாங்கினதுடா" என்றாள் அம்மா, அதோடு சரி.

குஞ்சத்தை முதல் நாளே வெட்டிவிடுங்கள், நூலை விழுங்கும். அடியில் ரப்பர் வலை வேண்டும், இல்லாவிட்டால் ஜமுக்காளமே சறுக்கும். அந்த வலையைத்தான் சொல்லணும்! மூன்று முறை வாங்கிவிட்டேன். ஒவ்வொன்றும் எட்டு மாதத்தில் பொடிப்பொடியாகித் தரையில் ஒட்டிக்கொள்கிறது. முயல் மூத்திரம் வேறு சுண்ணாம்பாகப் படியும், வினிகர் ஊற்றித் தேய்க்க வேண்டும். நனைந்த ஜமுக்காளத்தை மாடிக்குத் தூக்கி எனக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது.

வொயிட் ஜெயன்ட் கறிக்காக வளர்க்கும் இனம். கொடைக்கானல் மலையில் மன்னவனூர் ஆராய்ச்சி மையத்திலும் அதற்காகத்தான் வளர்க்கிறார்கள். மூன்று மாதத்தில் இரண்டு கிலோ ஏறினால் போதும் என்றிருக்கிற இடத்தில் ஆறு வயது முழங்காலைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

எடுக்காதே என்றுதான் நண்பனிடம் சொன்னேன். அப்புறம் வீட்டுத் தரை என்ன என்று கேட்டேன். கிரானைட்டாம். பரணில் பச்சைக் கரை போட்டது இன்னொன்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள் என்றேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.