பழைய உழவு இயந்திரத்துக்குப் புதுப் பெயின்ற்: கம்பித் தூரிகையா, மணல் வீச்சா?

1964இல் அறிமுகமான மெசி பெர்குசன் 135 போன்ற இயந்திரங்களைப் புதுப்பிக்க விரும்பும் யாழ்ப்பாணத்து விவசாயிகள் பலர் துருவையும் பழைய பெயின்றையும் அகற்ற, கம்பித் தூரிகைக்கும் அமுக்கிய காற்றால் மணலைப் பாய்ச்சும் மணல் வீச்சுக்கும் இடையில் தயங்குகிறார்கள். எதைத் தெரிவு செய்தாலும், செம்பாட்டு மண்ணும் கிறீஸும் கலந்து இறுகிய பொருக்கை முதலில் சுரண்டி, மண்ணெண்ணெயால் ஊறவைத்து, சவர்க்கார நீரால் கழுவிவிட வேண்டும்.

செலவு: தூரிகைக்கு உங்கள் உழைப்பே பெரும் செலவு, மணல் வீச்சுக்குக் கொம்பிரசரும் பழகிய கையும் வேண்டும்.

துப்புரவு: தூரிகை மேற்பரப்பை மினுக்கிவிட்டு, குழிகளுக்குள் கறுத்த துருவை விட்டுவிடும், மணலோ குழியின் அடிவரை சென்று, பெயின்ற் பற்றிக்கொள்ளும் சொரசொரப்பையும் தரும்.

ஆபத்து: மணல் வீச்சில் பொனற், மட்காட் போன்ற மெல்லிய தகடுகள் நெளியக்கூடும். அதைவிட எனக்கு அச்சம் தருவது, எண்ணெய் சீல்களுக்குள்ளும் கியர்ப்பெட்டியின் மூச்சுத் துளைக்குள்ளும் புகும் மணல். அது பின்னர் பெயாரிங்குகளைத் தின்றுவிடும். சிலிக்கா தூசு நுரையீரலையும் கெடுக்கும். பழைய பெயின்றில் ஈயமும் இருக்கலாம் என்பதால், தூரிகை பிடிப்பவரும் முகக்கவசம் அணிய வேண்டும்.

கழற்றி எடுத்த சில்லு றிம், முன் அச்சு ஆகியவற்றுக்கு மணல் வீச்சே பொருந்தும். கழற்றாத எஞ்சினுக்கும் தகடுகளுக்கும் தூரிகையும் அரத்தாளும் போதும். உப்புக்காற்று வெறும் இரும்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்வதால், தின்னரால் துடைத்து அன்றைக்கே பிறைமர் என்னும் அடிப்பூச்சைப் பூசிவிடுங்கள்.