எமிஸில் எட்டு வருடம்: ஒரு தலைமையாசிரியையின் அனுபவம்

திருத்துறைப்பூண்டி பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை. எட்டு வருடமாகப் பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் வருகை, சேர்க்கை, மாற்றுச் சான்றிதழ் எல்லாம் பதிகிறேன். சிக்னல் கிடைக்காத காலைகளில் வாய்க்கால் மேட்டில் ஏறி நின்று வருகை போட்டதுண்டு. முதல் மூன்று வருடம் அது மேலே அனுப்புகிற கணக்கு, அவ்வளவுதான்.

நான்காம் வருடம் பழைய வருகையை மாதவாரியாக ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். நான்கு, ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகளின் வருகை மட்டும் புரட்டாசிக்குப் புரட்டாசி சரிந்திருந்தது. பையன்களுக்கு அப்படி இல்லை. காய்ச்சல் என்று நாங்கள் எழுதிவந்தது காய்ச்சலே இல்லை, சம்பா நடவு. அறுவடைக்கு மிஷின் வந்தாலும் எங்கள் ஊரில் நடவு இன்னும் பெண்கள் கையில்தான். விசாரிக்கப் போனபோது ஒரு தாய் கேட்டார்: "இவளும் பள்ளிக்கூடம் வந்துட்டா கைப்புள்ளைய யாரு டீச்சர் பாக்குறது?"

நோட்டைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்தேன். உடனே தீர்வு கிடைக்கவில்லை. 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் காலை உணவுத் திட்டத்தின் விரிவாக்கம் தொடங்கி, எங்கள் பள்ளியிலும் அடுப்பு எரிந்த பிறகுதான் வழி பிறந்தது. அக்கா தம்பியைக் கையோடு கூட்டி வருவாள். அங்கன்வாடி திறக்கும்வரை சமைக்கிற அம்மாக்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் புரட்டாசியில் வகுப்பு நிறைந்திருந்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது.

ஒன்றை மட்டும் சக ஆசிரியர்களிடம் அழுத்திச் சொல்வேன். ஆசிரியர் பணியிடம் ஆகஸ்ட் 1 எண்ணிக்கையை வைத்து முடிவாகிறது. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால் மூன்று. ஒரு வருடம் எங்கள் பள்ளியில் உட்கார்ந்திருந்தது 61 பேர், எமிஸ் திரையில் 60. பள்ளி மாறும் பிள்ளையின் பெயரைப் பழைய பள்ளி எமிஸின் பொதுத் தொகுப்புக்கு விட்டால்தான் புதிய பள்ளி அதை எடுத்துக்கொள்ள முடியும். ஒரு பையனை அவன் முன்பு படித்த பள்ளி அப்படி விடவே இல்லை. பிள்ளை இங்கே, பெயர் அங்கே. ஐந்து வகுப்புக்கும் அந்த வருடம் இரண்டே பேர்தான். இப்போது ஜூன் மாதமே பெயர் பெயராகச் சரிபார்த்துவிடுகிறேன்.

தொடக்க வகுப்புகளில் அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் மதிப்பீட்டில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் கற்றல் நிலை பிரிவது குழு பிரிக்க உதவுகிறது. ஆனாலும் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்காமல் நான் நிலையை மாற்றுவதில்லை.

பொதுத் தொகுப்பு வேறு விதத்தில் கை கொடுத்தது. போன தீபாவளி கழிந்து ஒரு குடும்பம் திருப்பூருக்குப் போனது. மகளை அங்கே சேர்த்துவிட்டதாக அப்பா சொன்னார். மூன்று வாரமாகியும் அவள் எமிஸ் எண் தொகுப்பிலேயே கிடந்தது. அப்பாவுக்குப் போன் செய்தேன், மாற்றுச் சான்றிதழ் பெட்டிக்குள்ளேயே இருப்பதாகச் சொன்னார். தினமும் பேசினேன். ஒன்பதாம் நாள் பார்த்தபோது தொகுப்பில் அவள் பெயர் இல்லை, அங்குள்ள பள்ளி எடுத்துக்கொண்டிருந்தது.