மெட்டல் டிடெக்டிங் சட்டம் சொல்லித்தர்ற ஆன்லைன் கோர்ஸ்: அனுமதி லெட்டருக்கு அஞ்சு ஸ்டார், மேப்புக்கு பூஜ்யம்

மண்ணுக்குள்ள இருக்குற உலோகத்த கண்டுபிடிக்கிற மெட்டல் டிடெக்டர் வாங்குறவங்க முதல்ல பாக்குறது காயில் சைஸ், எவ்ளோ ஆழம் போகும், பேட்டரி எவ்ளோ நேரம் நிக்கும், இதெல்லாம்தான். எங்க தோண்டலாம், யார்கிட்ட கேக்கணும், கிடைச்சது யாருக்கு சொந்தம்னு யோசிக்கிறது யாராவது வந்து பக்கத்துல நின்னு "என்ன பண்றீங்க"ன்னு கேட்டப்புறம்தான். இதுக்குன்னே காசு குடுத்து பாக்குற வீடியோ கோர்ஸ் ஒண்ணு இருக்கு, ஹாபியா டிடெக்டிங் பண்றவங்களுக்கான சட்டமும் அனுமதியும். முழுசா பாத்துட்டேன். குறையும் நிறைய சொல்லப்போறதால பேர் போடல, ஆனா இந்த வகை கோர்ஸ் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே அச்சுதான், நீங்க எதை வாங்கினாலும் இதே இடங்களத் தட்டிப் பாத்துக்கலாம்.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். நிலத்துக்காரர்கிட்ட அனுமதி வாங்குற பாடம் அருமை, இது ஒண்ணுக்கே காசு குடுக்கலாம். பொது நிலம்னா யார் வேணா தோண்டலாம்னு ஒரு நெனப்பு எல்லாருக்கும் இருக்குல்ல, அதை முதல்லயே போட்டு உடைச்சுடறாங்க, பார்க்கோ காடோ கடற்கரையோ எதுவா இருந்தாலும் அதுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கார், நகராட்சியா இருக்கலாம் அரசாங்கமா இருக்கலாம், அவங்க சரின்னு சொல்லணும். குத்தகை நிலம்னா குத்தகைக்காரர், நில உரிமையாளர் ரெண்டு பேர்கிட்டயும் வாங்கணும், பயிர் ஒருத்தரோடது மண்ணு இன்னொருத்தரோடது. வாய்ல சொன்னா போதாது, எழுதி வாங்கணும். அதுக்கு அவங்க குடுக்குற சாம்பிள் லெட்டர் இருக்கே, அதுலதான் மத்த எடத்துல பாக்காத விஷயமெல்லாம் இருக்கு: எந்தெந்த வயல், எந்த தேதி வரைக்கும், தோண்டின குழிய மூடற பொறுப்பு, கூட இன்னொருத்தர கூட்டிட்டு வரலாமா, கிடைச்சதை எப்படி பிரிச்சுக்கிறது, அது எல்லாத்தையும் தோண்டுறதுக்கு முன்னாடியே எழுதிடறது. கடைசி பாயிண்ட்தான் உயிர். காசு வந்தப்புறம் பேச ஆரம்பிச்சா சொந்த அண்ணன் தம்பியே கோர்ட்டுக்குப் போவாங்க, யாரோ ஒரு விவசாயி சும்மா விடுவாரா.

இங்கிலாந்துல நேஷனல் கவுன்சில் ஃபார் மெட்டல் டிடெக்டிங்ல மெம்பர் ஆனா மூணாம் நபருக்கு ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கவர் கிடைக்கும், மாடு குழில கால் விட்டா யார் பணம் கட்றதுங்கற பேச்சுக்கே இடமில்ல, நிலத்துக்காரர்கிட்ட அந்த கார்டை காமிச்சா பாதி வேலை முடிஞ்சதுன்னு சொல்றாங்க. நியாயமான டிப்ஸ்.

அடுத்து நாடு நாடா சட்டம். அமெரிக்கா பாடம் ரொம்ப தெளிவு. அங்க தேசிய பூங்காவுல டிடெக்டர தரைல ஆட்டுறது மட்டும் இல்ல, கைல வெச்சிருக்குறதே தப்பு, அந்த வழியா போகணும்னா பயன்படுத்த முடியாதபடி பேக் பண்ணி வண்டிக்குள்ள வெச்சிருக்கணும். 1979 தொல்பொருள் வளப் பாதுகாப்பு சட்டப்படி மத்திய அரசு நிலத்துலயும் பழங்குடி நிலத்துலயும் 100 வருஷத்துக்கு மேல பழசான தொல்பொருள பர்மிட் இல்லாம எடுக்கக்கூடாது. மாநில பூங்கா, நகர பூங்கா ரூல் எல்லாம் இடத்துக்கு இடம் மாறும், போறதுக்கு முன்னாடி அந்தந்த ஆபீஸ்ல கேட்டுக்கோங்கன்னு சொல்லிட்டு நகர்ந்துடறாங்க, அதுக்கு மேல அவங்களால என்ன சொல்ல முடியும்.

அயர்லாந்து பாடத்தப் பாத்து பலருக்கு தலை சுத்தும். 1987 சட்டத் திருத்தத்துல இருந்தே தொல்பொருள் தேடி டிடெக்டர் பயன்படுத்தணும்னா அரசு ஒப்புதல் வேணும், சொந்த நிலமா இருந்தாலும் அதேதான். பிரான்ஸ்ல நிலத்துக்காரர் சம்மதத்தோட சேத்து பிரிஃபெக்ட் (அந்தப் பகுதிக்கான அரசுப் பிரதிநிதி) அனுமதியும் வேணும், பழைய வரலாற்றுப் பொருள் தேடுறதா இருந்தா. ஆனா ஒரு சுவாரஸ்யமான விஷயத்த கோர்ஸ் விட்டுடுச்சு, பிரான்ஸ்ல டிடெக்டர் விளம்பரத்துலயும் யூசர் மேனுவல்லயும் இந்த தடையையும் தண்டனையையும் அச்சடிச்சே ஆகணும்னு சட்டமே இருக்கு. எல்லா நாட்டுலயும் அப்படி இருந்தா இந்த கோர்ஸுக்கே வேலை இருக்காது, அதனாலதான் விட்டுட்டாங்களோ என்னவோ!

சரி, இப்ப குறை. தேட அனுமதி, தோண்ட அனுமதி, கிடைச்ச பொருள் மேல உரிமை, இது மூணும் வேற வேற கேள்வி. கோர்ஸ் முதல் ரெண்டையும் பொறுமையா சொல்லித் தருது, மூணாவதுக்கு வந்ததும் எல்லாத்தையும் ஒரே சட்டில போட்டு கிண்டிடுது. விவசாயி சரின்னு சொல்லிட்டாரு, அதனால பொருளும் உங்களோடதுன்னு நெனைக்கிற மாதிரி ஒரு ஸ்லைடு. இல்லவே இல்ல. இங்கிலாந்துல புதையல் கணக்குல வராத சாதாரண பொருள் கூட பொதுவா நிலத்துக்காரருக்குத்தான் சொந்தம், அதனாலதான் மேல சொன்ன அந்த லெட்டர்ல பிரிவினை எழுதறதே. இவங்க லெட்டரே இவங்க ஸ்லைடுக்கு எதிர்ப்பேச்சு பேசுது.

இங்கிலாந்து புதையல் சட்டத்தோட விளக்கமும் பழசு. 1996 சட்டப்படி 300 வருஷத்துக்கு மேல பழசா இருந்து எடைல 10 சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ இருந்தா புதையல், நாணயம்னா ஒரே இடத்துல ரெண்டு, தங்கம் வெள்ளி அதவிட கம்மியா இருக்குற நாணயம்னா பத்து, 14 நாளைக்குள்ள கரோனர்கிட்ட (புதையல விசாரிக்கிற அதிகாரி) சொல்லணும், இது வரைக்கும் கரெக்டா சொல்றாங்க. ஆனா 2023 ஜூலைல விதி விரிஞ்சுது, 200 வருஷத்துக்கு மேல பழசா இருந்து வரலாற்றுக்கு ரொம்ப முக்கியம்னா தங்கம் வெள்ளி இல்லாத உலோகப் பொருளும் புதையல்ல சேரும். அதாவது வெண்கலம்தானேன்னு நம்பி பைல போட்டுட்டுப் போறவர் மாட்டிக்கலாம். வீடியோவ எடுத்து பல வருஷம் ஆகியிருக்கும் போல, அப்டேட் பண்ணாமலே வித்துட்டு இருக்காங்க. சட்டத்தப் பத்தின கோர்ஸுல இது சின்ன குறை இல்ல.

ஸ்காட்லாந்த இங்கிலாந்தோட ஒண்ணா சேத்துட்டாங்க, அது அடுத்த கூத்து. அங்க வேற சட்டம், வரலாற்று மதிப்புள்ள எதுவா இருந்தாலும் ரிப்போர்ட் பண்ணணும், தங்கம் வெள்ளின்னு கணக்கே இல்ல, அரசு எடுத்துக்கிட்டா வெகுமதி கண்டெடுத்தவருக்கு மட்டும். டென்மார்க்லயும் அப்படித்தான், நிலத்துக்காரர் அனுமதியோட தேடலாம், டானஃபேன்னு சொல்ற முக்கியமான பொருள தேசிய அருங்காட்சியகத்துக்கு குடுக்கணும், வெகுமதி தேடினவருக்கு. இங்கிலாந்துல வழக்கமா கண்டெடுத்தவர், நிலத்துக்காரர் ரெண்டு பேருக்கும் பாதிப்பாதி. 2009ல கிடைச்ச ஸ்டாஃபோர்ட்ஷயர் தங்க வெள்ளிக் குவியலுக்கு மதிப்பு 32 லட்சத்து 85 ஆயிரம் பவுண்டு போட்டாங்க, கண்டெடுத்தவரும் விவசாயியும் பிரிச்சுக்கிட்டாங்க. இதுக்கு நேர் எதிரா ஹெர்ஃபோர்ட்ஷயர்ல 2015ல வைக்கிங் கால குவியல எடுத்து சொல்லாம மறைச்சு வித்த ரெண்டு பேருக்கு 2019ல பெரிய ஜெயில் தண்டனை, ஒருத்தருக்கு 10 வருஷம், அப்பீல்ல பின்னாடி குறைஞ்சுது. கோர்ஸ் இந்த கேஸ த்ரில்லர் மாதிரி பின்னணி இசையெல்லாம் போட்டு ஓட்டுது, ஆனா முறையா சொல்லியிருந்தா எவ்ளோ பெரிய வெகுமதி கிடைச்சிருக்கும்ங்கற கணக்க மட்டும் போடல. அதைத்தான புதுசா வர்றவனுக்கு சொல்லணும்?

இந்தியாவுக்கு ஒரே ஒரு வரி, "உள்ளூர் சட்டத்தைப் பார்க்கவும்". பாத்தா 1878 புதையல் சட்டம் இன்னமும் அங்க இருக்கு, மண்ணுக்குள்ள மறைஞ்சிருந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல மதிப்புன்னா கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும், மறைச்சா பங்கும் போச்சு ஒரு வருஷம் வரைக்கும் ஜெயிலும் உண்டு. 1972 தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் தாண்டின பொருள தனி ஆள் நாட்ட விட்டு வெளிய அனுப்ப முடியாது, லைசென்ஸ் இல்லாம வியாபாரமும் பண்ண முடியாது. இதை ஒரு ஸ்லைடுல போட்டிருக்கலாம்.

எங்க தேடலாம்னு காமிக்க கூட வர்ற மேப்தான் எல்லாத்துலயும் மோசம். பச்சை, மஞ்சள், சிவப்பு. பச்சைன்னா அனுமதி இருக்குன்னு அர்த்தம் இல்ல, தடை பத்தின தகவல் அவங்ககிட்ட இல்லன்னு அர்த்தம், இத பொடி எழுத்துல கடைசில எழுதியிருக்காங்க. லண்டன்ல தேம்ஸ் ஆத்தோரத்த பச்சைல காமிக்குது! அங்க சும்மா குனிஞ்சு தேடுறதுக்கே துறைமுக ஆணையத்தோட பர்மிட் வேணும், சாதாரண பர்மிட் இருந்தாலும் 7.5 சென்டிமீட்டருக்கு மேல தோண்டக்கூடாது. இங்கிலாந்துல பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்துல ஹிஸ்டாரிக் இங்கிலாந்துங்கற அரசு அமைப்பு எழுத்துல ஒப்புதல் தராம டிடெக்டர் பயன்படுத்துறதே 1979 சட்டப்படி குற்றம், இப்படி ஒரு மேப்ப நம்பி நடந்தா வயல் ஓரத்துல எல்லை எங்க முடியுதுன்னு எப்படி தெரியும்? நினைவுச் சின்னங்களோட அதிகாரப்பூர்வ லிஸ்ட் ஆன்லைன்ல ஃப்ரீயாவே இருக்கு, அதைப் பாருங்க.

வெடிக்காத குண்டு பத்தின குட்டி பாடம் மட்டும் எல்லாரும் பாக்கணும். தொடாதீங்க, இடத்த அடையாளம் வெச்சுட்டு தள்ளிப்போய் போலீஸ கூப்பிடுங்க. மனுஷ எலும்பு வந்தாலும் தோண்டுறத நிறுத்திட்டு போலீஸ்தான்.

சந்தேகம் கேக்க மெயில் சப்போர்ட் உண்டு. குத்தகைக்காரர் கையெழுத்து பத்தி கேட்டதுக்கு பதில் சீக்கிரமா, ஒழுங்கா வந்துச்சு. 2023 மாற்றத்தப் பத்தி கேட்டதுக்கு வக்கீல பாருங்கன்னு ஒரு வரி. வாங்கறதா இருந்தா மேப் இல்லாத சின்ன பேக்கேஜ் எடுங்க, சாம்பிள் லெட்டர் அதுலயே வருது, பணம் கட்டும்போது தானா ரெனியூ ஆகுற டிக்க எடுத்துடுங்க, அது முன்னாடியே போட்டிருக்கும்.